மடைப்பள்ளி தந்த மாகவி

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவரின் இயற்பெயர் வரதன் என்பர். பிறந்த ஊர் எதுவென்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது ஆய்வாளர் பாடு. திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் அவர் பணிபுரிந்ததும், திருவானைக்காக் கோயிலில் ஆடிய மோகனாங்கிபால் கொண்ட காதலால் வைணவம் விடுத்துச் சைவரானதும் வழிவழி வரும் செய்திகள். அகிலாண்டேசுவரி தன் தாம்பூலத்தை வாயில் உமிழ, அவர் கவிபாடும் மேகமானாராம். கவித்துவம்கூட அவருக்கு வாய்வழியேதான் வந்திருக்கிறது!

அடுக்களைப் பொருள் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தண்ணீர் மிகுந்த மோரை வாங்கிய புலவர், வானில் கார், மண்ணில் நீர், ஆய்ச்சியர் கையில் மோர் என அது மூன்று பெயர் பெற்றதை வியந்து பாராட்டினார். வாழைப்பழத்தையும் பாம்பையும் ஒரே வெண்பாவில் இணைத்தார்; இரண்டும் தோலுரியும், பல்பட்டால் இரண்டுக்கும் மீட்சியில்லை. வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம் என்று மளிகைக்கடைச் சரக்கை அடுக்கி, அதற்குள்ளேயே உடல் நிலையாமையைச் சொல்லிச் சுவாமிமலை முருகனைச் செட்டியார் ஆக்கிவிட்டார்.

சிலேடை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பசியோடு நுழைந்த புலவருக்கு நள்ளிரவு கடந்தும் இலை விழவில்லை. பொழுது சாயும்போது அரிசி வந்து சேரும், அதைக் குத்தி உலையிலிடும்போது ஊரே உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கும் என்று பாடிவிட்டார். விடுதியில் மணியோசைக்குக் காத்திருந்த நம்மவர் எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

பாட்டு பரவினால் சத்திரத்தின் பெயர் கெடுமே! காத்தான் ஓடிவந்து வேண்டினார். புலவர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பொருளை மட்டும் மாற்றினார். நாடெங்கும் அரிசி அற்றுப்போகும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும். உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மை வெள்ளியென எழும் என்றார். காத்தான் மகிழ்ந்து போனார். முதலில் பாடிய பொருளைத்தான் ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.