நூற்று இருபது ரூபாய்க் குடித்தனம்

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை என்றால், சாத்தூருக்குக் கிழக்கே போகும் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி என்று எல்லாப் பக்கத்து ஜனங்களும் இருக்கன்குடிக்கு நடப்பார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாரியம்மன் கோவில் கொண்டிருக்கிறாள்.

அந்தக் கூட்டத்தில் வரும் பெண்கள் பலரிடம் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கும். வருடம் முழுவதும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அம்மனுக்கு என்று முடிந்து வைத்த காசு அது. உப்பு வாங்கக் காசு இல்லாத நாளிலும் அந்த முடிச்சை அவிழ்க்கமாட்டார்கள்.

அந்தப் பக்கம் கரிசல் பூமி. மழையை நம்பிய பூமி. வருடத்துக்கு ஒரு வெள்ளாமை. வந்த கம்பும் சோளமும் குலுக்கையில் விழும். அடுத்த வெள்ளாமை வீடு வந்து சேரும் வரையில் அதை வைத்துத்தான் காலம் தள்ளவேண்டும். ஆகவே அந்தச் சீமைப் பெண்களுக்கு வருடக் கணக்கு என்பது யாரும் சொல்லிக் கொடுத்து வந்தது அல்ல. குலுக்கையின் அடி தெரியும்போது தானாக வந்துவிடும்.

அதே சீமையில், விருதுநகரில், ஒரு தாயார் இருந்தார். அவருடைய வருடக் கணக்கு 1,440 ரூபாய். மாதத்துக்கு 120 ரூபாய். நாளுக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு காசு வராது.

அந்தப் பணத்தை அனுப்பியவர் அவருடைய ஒரே மகன். அந்த மகன்தான் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி காமராஜர்!

ஆறு வயதில்

தாயார் பெயர் சிவகாமி அம்மாள். தகப்பனார் குமாரசாமி நாடார், தேங்காய் வியாபாரி. 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி மகன் பிறந்தான். ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். குலதெய்வத்தின் நினைவாகக் குழந்தைக்குக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். தாயார் ராஜா என்று செல்லமாக அழைப்பார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. பிறகு நாகம்மாள் என்று ஒரு தங்கை பிறந்தாள்.

பையனுக்கு ஆறு வயது இருக்கும்போது தகப்பனார் திடீர் என்று இறந்துவிட்டார். சம்பாதிக்க ஆள் இல்லை. வீட்டில் இரண்டு குழந்தைகளும், சிவகாமி அம்மாளும், பாட்டி பார்வதி அம்மாளும். சிவகாமி அம்மாள் தம் நகைகளை ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு வந்த வட்டியை வைத்துக் குடும்பம் நடத்தினார் என்று காமராஜரின் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். மாதம் பிறந்தால் இவ்வளவுதான் வரும், அதற்குள் அரிசியும் பருப்பும் எண்ணெயும் விறகும் முடியவேண்டும். பிற்காலத்து 120 ரூபாய் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த அம்மாளுக்கு இந்தக் கட்டு பழகிப்போயிருந்தது.

பிடி அரிசி

விருதுபட்டி ஒரு வியாபாரக் கிராமம். பருத்தி, மிளகாய் வற்றல், எண்ணெய் என்று எல்லாம் அங்கே விலை பேசப்படும். அந்த ஊர் வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். காசைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர்.

மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. காமராஜ் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி நடந்த பள்ளிக்கூடம்தான். வீட்டுப் பெண்களும் தம் பங்கைச் செலுத்தினார்கள். உலைக்கு அரிசி அளந்து போடும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பிடி அரிசி தண்டிய பள்ளிக்கூடம் என்று அதை இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பிடி அரிசி பின்னால் இந்தக் கதையில் இன்னொரு தடவை வரும்.

பையனுக்கு அந்தப் படிப்பும் நிலைக்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் துணி அளந்து போடப் போனான். கடையில் கவனம் இல்லை. கூட்டம், மேடை, பத்திரிகை என்று மனம் அலைந்தது. திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே இருந்து வைக்கம் சத்தியாக்கிரகத்துக்குப் போய்விட்டான்!

அதன் பிறகு வீட்டுக்கு அவரால் வருமானம் இல்லை. 1930-ம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இரண்டு ஆண்டுத் தண்டனை பெற்று அலிப்புரம் ஜெயிலுக்குப் போனார். மறு ஆண்டு காந்தி - இர்வின் ஒப்பந்தத்தின்படி விடுதலை ஆனார். வேலூர் ஜெயில், அமராவதி ஜெயில் என்று அவர் கம்பி எண்ணிய காலம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆண்டுகள். கலியாணமும் செய்துகொள்ளவில்லை. மருமகள் வருவாள், பேரப் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று எந்தத் தாய்தான் எண்ணமாட்டாள்? அந்த எண்ணத்தைச் சிவகாமி அம்மாள் விட்டுவிட வேண்டி வந்தது.

1941-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் ஜெயிலில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபைத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலையாகி வந்தார். ஒரே ஒரு கூட்டத்துக்குத் தலைமை வகித்தார். உடனே ராஜினாமா செய்துவிட்டார். வேலை செய்ய நேரம் இல்லாத பதவி தமக்கு வேண்டாம் என்பது அவர் கருத்து.

வந்தவருக்குக் கலர்

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல் மந்திரி ஆனார். தம்மையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட மந்திரிசபையை அமைத்தார். சென்னையில் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே தொடர்ந்து இருந்தார். தாயாரைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ளவில்லை. தாயார் விருதுநகரில் சுலோசன நாடார் தெருவில் உள்ள பழைய வீட்டிலேயே இருந்தார். மாதா மாதம் 120 ரூபாய் நண்பர் ஒருவர் மூலம் அவர் கைக்குப் போய்ச் சேரும்.

ஒரு வயதான அம்மாளுக்கு அந்தக் காலத்தில் 120 ரூபாய் பட்டினி போடும் தொகை அல்ல. சிக்கனமாக இருந்தால் போதும். சிவகாமி அம்மாளுக்குச் சிக்கனம் தெரியாததா?

ஆனால் ஒரு புதுச் செலவு முளைத்தது. முதல் மந்திரியின் தாயாரைப் பார்க்க வேண்டும் என்று ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர்கள், கட்சிக்காரர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். கந்தக பூமி வெயிலில் வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு வெறும் வாயோடு விடை கொடுக்க அந்த ஊர்ப் பெண்ணுக்கு மனம் வருமா? கடைக்கு ஆள் அனுப்பி சோடா, கலர் வாங்கிக் கொடுப்பார். ஒருவருக்கு வாங்கினால் பத்துப் பேருக்கு வாங்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது.

மாதம் 30 ரூபாய் கூட்டி, 150 ஆக அனுப்பும்படி தாயார் மகனுக்குச் சொல்லி அனுப்பினார்.

மகன் மறுத்துவிட்டார்!

வருகிறவர்களுக்கு எல்லாம் எதுவும் வாங்கித் தரவேண்டியது இல்லை, இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளவேண்டும் என்று பதில் வந்தது. கையில் பணம் அதிகம் இருந்தால் தாயார் கோவில் குளம் என்று வயதான காலத்தில் புறப்பட்டுவிடுவார், உடம்புக்கு ஆகாது என்று அவர் சொன்னதாகவும் ஊரில் சொல்வார்கள்.

இதைக் கேட்கிறவர்களுக்கு முதலில் கோபம்தான் வரும். பெற்ற தாய்க்கு 30 ரூபாய் தரக்கூடாதா? அவரிடம் முதல் மந்திரியின் சம்பளம் இல்லையா? நியாயமான கேள்வி. கல்நெஞ்சம் என்று அப்போதே பேசியவர்கள் உண்டு.

ஆனால் அந்த 30 ரூபாய் எதற்காகக் கேட்கப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். தாயாரின் சாப்பாட்டுக்கு அல்ல. வந்தவர்களை உபசரிக்க. வந்தவர்கள் யார்? முதல் மந்திரியின் தாயாரைப் பார்க்க வந்தவர்கள். இன்று கலர் குடித்தவர் நாளைக்கு ஒரு மனுவோடு வருவார். மறுநாள் உறவு முறை சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். பிறகு கோட்டையில் நடக்கவேண்டிய காரியம் சுலோசன நாடார் தெருத் திண்ணையில் நடக்கும். அந்தத் தெருவில் யார்தான் உறவு இல்லை? 30 ரூபாய் என்ன, 300 ரூபாயைத் தாமாகவே கொண்டு வந்து அந்த அம்மாள் காலடியில் வைக்க வியாபாரிகள் காத்திருந்த ஊர் அது. காமராஜர் அடைத்தது அந்த வாசலைத்தான்.

வாசலை அடைத்தவர் மகன். அதனால் வந்த சங்கடத்தைச் சுமந்தவர் தாயார். இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வந்தவரிடம் பேசிவிட்டு, குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பும்போது அந்த அம்மாளின் மனம் எப்படி இருந்திருக்கும்! மகன் ஊருக்கு வந்தாலும் வீட்டில் தங்குவது அபூர்வம். கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்.

குழாயும் மனையும்

விருதுநகரில் தண்ணீர்ப் பஞ்சம் பழைய கதை. குடத்தோடு பெண்கள் தெருக் குழாயடியில் காத்து நிற்பார்கள். முதல் மந்திரியின் தாயார் தெருவில் நின்று தண்ணீர் பிடிப்பதா என்று நகரசபைக்காரர்கள் வீட்டுக்கே குழாய் போட்டுக் கொடுத்தார்கள். செய்தி காமராஜருக்கு எட்டியது. தெருவில் எத்தனையோ வீடுகள் இருக்க, இந்த வீட்டுக்கு மட்டும் என்ன தனிக் குழாய் என்று கேட்டார். குழாயை எடுக்கச் செய்தார். ஊரில் இது தெரியாதவர் இல்லை.

இன்னொரு தடவை, பக்கத்தில் சிறிது இடம் விலைக்கு வந்தது. வீட்டில் கக்கூஸ் வசதி இல்லை. அந்த இடத்தை வாங்கினால் கட்டிக்கொள்ளலாம் என்று தாயார் ஆசைப்பட்டார். அதற்கும் மகன் சம்மதிக்கவில்லை. இடம் சிறிது என்றும், அவசியத்துக்கு என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். முதல் மந்திரி ஊரில் மனை வாங்கிவிட்டார் என்றுதான் பேசுவார்கள் என்பது அவர் எண்ணம்.

ஊருக்கு உலை

இப்படி வீட்டுக்குக் கையை மூடியவர் ஊருக்கு எப்படி இருந்தார்?

ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராததற்குக் காரணம் வயிறு என்று அவருக்குத் தெரியும். 1956-ம் ஆண்டில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. எட்டயபுரத்தில் தொடக்க விழா நடந்தது. கஜானாவில் ஏது பணம் என்று கேட்டவர்களுக்கு, ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று அவர் பதில் சொன்னார். ஊரார் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு செலவில் 100-க்கு 60 பங்கை அரசாங்கமும், 40 பங்கை ஊராரும் ஏற்பது என்று ஏற்பாடு ஆயிற்று. விருதுபட்டிப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்தார்களே, அந்தப் பிடி அரிசிதான் ராஜ்யம் முழுவதும் பொங்கியது!

1957-லும் 1962-லும் அவர் சாத்தூர்த் தொகுதியில் நின்று சட்டசபைக்குப் போனார். இருக்கன்குடி அதற்குப் பக்கத்து ஊர்தான். கரிசல் காட்டுச் சம்சாரிகளின் ஓட்டு அவருக்கு விழுந்தது.

1960-ல் இன்னொரு உத்தரவு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடிய இலவசப் படிப்பு. ஏழை யார்? பெற்றோரின் வருமானம் வருடத்துக்கு 1,200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். முதல் மந்திரியின் தாயார் வருடத்துக்குப் பெற்றது 1,440 ரூபாய். ஏழை என்று அரசாங்கம் வகுத்த கோட்டுக்கு 240 ரூபாய்தான் மேலே!

கடைசிக் கணக்கு

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, கட்சி வேலைக்காகக் காமராஜர் முதல் மந்திரி பதவியை விட்டார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். இரண்டு பிரதம மந்திரிகள் பதவிக்கு வரக் காரணமாக இருந்தார். 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தபோதும் தோற்றபோதும் அவர் உடுத்தியது ஒரே மாதிரிக் கதர் வேட்டியும் முழங்கை வரை தொங்கும் சட்டையும்தான்.

1975-ம் ஆண்டு, அதே அக்டோபர் 2-ந் தேதி. காந்தி ஜெயந்தி. திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் பிற்பகலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் விட்டுப்போன சொத்தைக் கணக்கு எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. சில வேட்டிகள், சில சட்டைகள், செருப்பு, புத்தகங்கள். ரொக்கம் நூற்றுச் சொச்சம் ரூபாய் என்பார்கள். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

சென்னை வீட்டை அரசாங்கம் நினைவு இல்லம் ஆக்கியது. விருதுநகர் வீடும் நினைவு இல்லம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். குறுகலான தெரு, சின்ன வீடு. சிவகாமி அம்மாள் ஆசைப்பட்ட அந்தப் பக்கத்து இடம் அவர் காலத்தில் அந்த வீட்டோடு சேரவே இல்லை.