ஓரணாச் சிற்றுண்டி

1960-இலே ஆந்திரத்திலிருந்து நம்மோடு இணைந்த திருத்தணி வட்டாரத்திலே, பகல் மணி அடித்ததும் தட்டேந்தி நிற்கின்றன தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அந்த வரிசையைக் காணும்போதெல்லாம், தோழர்களே, நமக்கு வெள்ளுடை வேந்தர் தியாகராயர் நினைவு வருகிறது.

1852-இல் பிறந்தவர், தெலுங்கு பேசிய நெசவுக் குலத்தவர், தறிகள் நிறுவித் தொழில் நடத்திய செல்வர். 1920-இலே முதலமைச்சர் பதவி வாயில் தேடி வந்தது, வேண்டாமென்றார். அதையே பெரிதாகப் பேசுவர் பலர். நாம் பெரிதாகக் கருதுவது வேறு.

அப்போது அவர் சென்னை மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்கு ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. ஏன்? படிப்பு கசந்ததாலா? இல்லை, வயிறு காய்ந்ததால்! பிள்ளையொன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் பகல் சிற்றுண்டி என்று 1920 செப்டம்பரில் மன்றம் தீர்மானித்தது. வந்தனர் பிள்ளைகள்! மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று.

தொடக்கக் கல்விப் பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்றது மாகாண அரசு. அவருடைய கட்சியினரே அமைச்சர்களாக இருந்த காலம் அது; மறைப்பானேன்! 1925 ஏப்ரலிலே நின்றது சிற்றுண்டி. அவ்வாண்டே மறைந்தார் தியாகராயர். மாநிலம் முழுதும் பகலுணவு பரவக் காமராசர் ஆட்சியின் 1956 வரை காத்திருந்தன பிள்ளைகள்.