உறவை மறுத்தார், உருவங்களை அளித்தார்

ஒரு குலத்தின் சரித்திரம் கல்லெழுத்திலும் செப்பேட்டிலும் மட்டும் அடங்குவதன்று. வீட்டுச் சுவரில் தொங்கும் முன்னோர் படங்களிலும் அஃது உண்டு. இவ்வுண்மையை நம் அங்கத்தினர் உணருமாறு, அமெரிக்க ஐக்கிய நாட்டுப் புகைப்படக்காரர் மைக் டிஸ்ஃபார்மரின் சரிதையை இங்குச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1884-ஆம் ஆண்டு இந்தியானா மாகாணத்தில், ஜெர்மானிய வழிவந்த மேயர் குடும்பத்திற் பிறந்தார். அக்குடும்பம் பின்னர் ஆர்க்கன்ஸா மாகாணத்திற் குடியேறிற்று. இவர் ஆண்மைப் பருவத்தில் தாயாருடன் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரை அடைந்து படத்தொழிலை மேற்கொண்டார். தாயாரின் இல்லம் சுழற்காற்றால் அழிந்தபின், கடைவீதியில் வடதிசை வெளிச்சம் கண்ணாடி வழியே புகுமாறு ஒரு ஸ்டூடியோ அமைத்து, மணம் புரியாது தனியராய் அதிலேயே வாழ்ந்தார்.

இவர் போக்கு விசித்திரமானது. மேயர் என்னும் ஜெர்மன் சொல் உழவரைக் குறிக்கும் என்று கொண்டு, தாம் உழவரல்லர் என்று பொருள்படும் டிஸ்ஃபார்மர் என்னும் பெயரை 1939-இல் சட்டப்படி பூண்டார். தாம் அக்குடும்பத்திற் பிறக்கவில்லை என்றும், சிசுவாயிருந்தபோது ஒரு சுழற்காற்றே தம்மை அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது என்றும் சொல்லிவந்தார். பெற்ற குலத்தையே மறுத்த இவரைத் தேடி ஊர்க் குலங்கள் யாவும் வந்தமை வியப்பன்றோ?

உழவர், உடன்பிறந்தார், கைக்குழந்தை ஏந்திய தாயர், இரண்டாம் உலகப் போருக்குச் செல்லும் வாலிபர் ஆகியோர் சிறு தொகை கொடுத்து இவர் முன் நின்றனர். வெறுந்திரையின் முன் அவர்கள் உள்ளவாறே நிற்க, ஆடம்பரம் ஏதுமின்றிக் கண்ணாடித் தகட்டில் இவர் படம் பிடித்தார். பிறர் பிலிம் சுருளுக்கு மாறிய பின்னும் இவர் தகட்டைக் கைவிட்டிலர்.

1959-இல் இவர் ஸ்டூடியோவிலேயே காலமானார். அங்குக் கிடந்த தகடுகள் குப்பையிற் சேராவண்ணம், ஜோ ஆல்பிரைட் என்னும் அவ்வூரார் உள்ளிருந்த பொருள்களை 5 டாலருக்கு வாங்கித் தம்மிடம் வைத்திருந்தார். பத்தாண்டுகளுக்கு மேற்சென்றபின் பத்திரிகையாளர் பீட்டர் மில்லர் அவற்றைப் பெற்றுத் துப்புரவு செய்தார். ஜூலியா ஸ்கல்லியின் துணையால் 1976-இல் அவை நூலாயின. உலகம் இவரைப் பெருங்கலைஞர் என்று போற்றியது. 2005-இல், ஊர்க் குடும்பங்கள் பெட்டிகளிலும் ஆல்பங்களிலும் காத்துவந்து பின் விற்ற மூலப் பிரதிகள் நியூயார்க்கிற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

நேயர்களே! அந்த 5 டாலரைக் கொடுப்பார் இல்லாதிருப்பின், ஓர் ஊரின் முகமே மறைந்திருக்கும். நம் வீட்டுப் படங்களுக்கும் அவ்வபாயம் உண்டு. ஈரச்சுவரும் வெயிலும் அவற்றின் பகைவர். பசையிட்டு ஒட்டுதலும் கேடு. கண்ணாடித் தகடுகளைத் தனித்தனிக் காகித உறையிலிட்டு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது, நிமிர்த்தி வைத்தல் வேண்டும். யாவற்றினும் முக்கியமானது பெயர். படத்தின் பின்புறத்தில் மென்பென்சிலால் இன்னார், இன்னார் மகன், இவ்வூர், இவ்வாண்டு என எழுதி வையுங்கள். பாட்டியார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர் கண்மூடிய பின் அம்முகம் பேரனுக்கும் அந்நிய முகமேயாகும். உறவை மறுத்த ஒருவர் ஓர் ஊருக்குச் செய்த உபகாரத்தை, உறவைப் போற்றும் நாம் நம்மவர்க்குச் செய்யாதிருத்தல் தகுமா?