ஒளிநூல் வல்லுநர் பிரௌன்ஹோபர்

தூரதிருஷ்டிக் கண்ணாடியினூடே விண்மீன்களை நோக்கி வியக்கும் நாம், அக்கண்ணாடியைத் தேய்த்தமைத்த கைகளை நினைப்பது அரிது. அத்தகைய கைகளுள் தலைசிறந்தவை ஜோசப் பிரௌன்ஹோபருடையவை. அவர்தம் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜெர்மனியின் தென்பாலுள்ள பவேரியா நாட்டில், ஸ்ட்ரௌபிங் என்னும் ஊரில், கண்ணாடித் தொழிலாளர் ஒருவர்க்கு 1787-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ந் தேதி அவர் பிறந்தார். பன்னிரண்டு வயது நிரம்புமுன் தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். 1799-இல் ம்யூனிக் நகரத்து முகக்கண்ணாடி வினைஞர் ஒருவரிடம் ஊதியமின்றித் தொழில் பயில விடப்பட்டார். சிறுவர்க்கோ கல்வியில் தணியாத வேட்கை. ஆசானோ அதனை விரும்பிலர்.

1801-ஆம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. ஆசானின் மனைவியார் மாண்டார். இடிபாட்டுள் புதையுண்ட சிறுவர் சில மணி நேரத்திற்குப்பின் உயிருடன் மீட்கப்பட்டார். நாட்டை ஆண்ட மாக்ஸிமிலியன் ஜோசப் அவ்விடம் வந்து, இரங்கி, 18 பொற்காசுகள் அளித்தார். உட்ஷ்நைடர் என்னும் பெரியார் கணித நூல்களும் ஒளிநூல்களும் உதவினார். சிறுவர் அப்பொருளைக்கொண்டு கண்ணாடி தேய்க்கும் பொறியொன்று வாங்கினார். எஞ்சிய பயிற்சிக் காலத்தினின்றும் தம்மை விடுவித்துக்கொண்டார். 1806-இல் உட்ஷ்நைடர் முதலியோர் நடத்திய கருவித் தொழிற்சாலையிற் சேர்ந்தார். பின்னர்ப் பெனடிக்ட்பாயர்ன் என்னுமிடத்துப் பழைய மடத்திலமைந்த உலைக்களத்தில், கினான் என்னும் சுவிஸ் நாட்டவரிடம் கண்ணாடி உருக்கும் நுட்பத்தைக் கற்றார்.

அவரை எதிர்நோக்கிய இடர்ப்பாடு யாதெனிற் கூறுவாம். சாய்ந்து வரும் ஒளிக்கதிர் கண்ணாடியிற் புகுங்கால் வளைகின்றது. நடுவே தடித்த வில்லையின் ஓரத்திற் புகும் கதிர் மிகுதியாகவும், நடுவண் புகுவது சிறிதாகவும் வளைதலின், கதிர்களெல்லாம் ஓரிடத்தே குவிகின்றன. ஆயின் ஊதாநிறக் கதிர் செந்நிறக் கதிரினும் மிக வளைவதால், நிறந்தோறும் குவியுமிடம் வேறுபட்டு, உருவத்தைச் சுற்றி வண்ணக்கறை படிகின்றது. இருவகைக் கண்ணாடியாலான இரு வில்லைகளை இணைத்து இக்குறையை நீக்கலாமென்பது முன்னரே அறிந்ததே. எனினும் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தை எவ்வளவு வளைக்கின்றதெனத் துல்லியமாக அளந்தாலன்றி அது கைகூடாது. நிறங்களோ எல்லையின்றி ஒன்றோடொன்று கலந்து நிற்பன; எவ்விடத்தைக் குறியாகக் கொண்டு அளப்பது?

1814-ஆம் ஆண்டளவில் அவர் சூரியவொளியைக் குறுகிய பிளவின் வழியே விடுத்து, முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்து, சிறு தூரதிருஷ்டியால் நோக்கினார். நிறப்பட்டையின் குறுக்கே எண்ணிறந்த கருங்கோடுகள் தோன்றின! அவற்றுள் சிலவற்றை வுல்லஸ்டன் என்பார் 1802-இற் கண்டிருந்தனர். பிரௌன்ஹோபரோ 574 கோடுகளைக் குறித்து, முதன்மையானவற்றிற்கு எழுத்துக்களால் பெயரிட்டார். இடம் பெயராத அக்கோடுகளே அவர் தேடிய அளவைக் குறிகளாயின. அவற்றைக்கொண்டு அவர் கடைந்த வில்லைகளுக்கு அக்காலத்தில் இணையில்லை.

1817-இல் ம்யூனிக் அறிஞர் கழகத்தில் அவரைச் சேர்க்கக் கருதியபோது, சர்வகலாசாலை புகாத தொழிலாளி எனச் சிலர் தடுத்தனர். எனினும் சேர்க்கப்பட்டார். 1824-இல் டார்ப்பாட் வானாராய்ச்சிக் கூடத்திற்கு அவர் ஈந்த தூரதிருஷ்டியின் முகவில்லை 24 சென்டிமீட்டர் அகலமுடையது. உலகில் அக்காலத்தே அதனிற் பெரிய வில்லைத் தூரதிருஷ்டி பிறிதில்லை. அவ்வாண்டே வீரப்பட்டமும் பெற்றார். ஆயின் 1826 ஜூன் 7-ந் தேதி, முப்பத்தொன்பதாம் வயதில், காசநோயால் உயிர் நீத்தார்.

அவர் தொழிற்சாலைக் கருவியால் பெஸல் 1838-இல் விண்மீனொன்றின் தூரத்தை வெளியிட்டார். 1846-இல் நெப்டியூன் கிரகம் பெர்லினில் அகப்பட்டதும் அவர் வழிவந்த கருவியினாலேயே. கருங்கோடுகளின் பொருளைக் கிர்க்காப், புன்ஸன் இருவரும் 1859-இல் விளக்கியபின், சூரியனிலுள்ள தனிமங்கள் எவையென உலகம் அறிந்தது. பிரௌன்ஹோபர் தேடியது பழுதற்ற வில்லையொன்றே. கிட்டியதோ விண்மீன்களின் இயல்பை அறியும் திறவுகோல்.

நூல் நிலையமும் ஆசிரியரும் அருகிருக்கப் பொழுதை வாளா கழிக்கும் நாம், நூலொன்றைத் தொடவும் தடையுண்ட அச்சிறுவரை அடிக்கடி நினைத்தல் நலமாம்.