லியனார்டோ டா வின்சியும் போசனசாலைச் சுவரும்

மாணவர்களே, லியனார்டோ டா வின்சி பற்றி வினா வந்தால் பலரும் மொனாலிசாவோடு நின்றுவிடுகிறீர்கள். அவரை அறிய மிலான் நகருக்கும் போகவேண்டும்.

1452 இல் இத்தாலியின் வின்சி என்னும் ஊரருகே பிறந்த இவர், புளோரன்ஸில் வெரோக்கியோவின் பட்டறையில் தொழில் கற்றார். 1482 அளவில் மிலான் சென்று, ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணிபுரிந்தார். அங்கே 1495 - 1498 காலப்பகுதியில், சாந்தா மரியா டெலே கிராசியே மடத்தின் போசனசாலைச் சுவரில் ‘இறுதி இராப்போசனம்’ ஓவியத்தைத் தீட்டினார். துறவிகள் உண்ணும் இடத்திலேயே இயேசுவும் சீடர்களும் உண்ணும் காட்சி! மேசையில் பாண், மீன், தோடம்பழத் துண்டுகள்கூட உண்டு.

கவனியுங்கள், இதை ஈரச்சுதை ஓவியம் என எழுதினால் பிழை. ஈரச்சுதையில் அது காயுமுன் விரைந்து தீட்ட வேண்டும். லியனார்டோவோ ஆறுதலாக, திருத்தித் திருத்தி வரைபவர். ஆகவே உலர்ந்த சுவரில் தீட்டினார். விளைவு? அவர் உயிரோடிருந்தபோதே வர்ணம் உரியத் தொடங்கிவிட்டது. 1652 இல் அச்சுவரில் கதவு வெட்டியபோது இயேசுவின் பாதங்கள் அழிந்தன. 1943 இல் குண்டுவீச்சில் மண்டபம் இடிந்தது; மணல் மூடைகளால் காக்கப்பட்ட ஓவியச் சுவர் தப்பியது. 1978 முதல் 1999 வரை நடந்த புனரமைப்பில் பழைய அழுக்கையும் மேற்பூச்சுகளையும் அகற்றிய பின்னரே மேசை உணவுகள் தெளிவாகத் தெரிந்தன.

1499 இல் பிரெஞ்சுப் படை மிலானைக் கைப்பற்ற, அவர் அங்கிருந்து வெளியேறினார். பின்னர் பல நகரங்களில் வாழ்ந்து, 1519 இல் பிரான்சில் காலமானார். மொனாலிசாவைக் கையோடு கொண்டு சென்றிருந்தார். சுவரைக் கொண்டுபோக முடியுமா? அதனால்தான் ஒன்று பாரிஸிலும் மற்றையது மிலானிலும் இருக்கின்றன.