மீட் ஐயர்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது தக்கலை என்னும் ஊர். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரம் இதன் அருகே உள்ளது. உதயகிரிக் கோட்டையும் தொலைவில் இல்லை. வேளிமலை அடிவாரத்தில் குமாரகோயில் விளங்குகின்றது. பீர் முகம்மது அப்பா என்னும் ஞானக் கவிஞர் அடங்கிய இடமும் தக்கலையே. சுற்றிலும் உள்ள சிற்றூர்களில் கிறித்தவத் தேவாலயங்கள் பல உள்ளன. இவ்வாறு பல சமயத்தாரும் கலந்து வாழும் இந்நாட்டில், ஒரு சமயச் சங்கத்தின் ஊழியராக வந்து, அரசியலிலும் சமுதாயத்திலும் பெருமாற்றங்களுக்குக் காரணமானவர் சார்லஸ் மீட் என்பார். மக்கள் அவரை மீட் ஐயர் என அழைத்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் குல வேற்றுமை மிகக் கடுமையாக இருந்தது. ஒருவர் கட்டும் வீடும், உடுக்கும் உடையும், நடக்கும் வழியும் அவரவர் குலத்தைப் பொறுத்தே வரையறுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட குலத்தார் ஓட்டு வீடு கட்டுதல் ஆகாது. குடை பிடித்தல் ஆகாது. செருப்பு அணிதல் ஆகாது. அவர்தம் பெண்டிர் மார்பை மூடி ஆடை அணிதலும் குற்றமாகக் கருதப்பட்டது. ஊழியம் என்னும் பெயரால் கூலியின்றி அரசுக்கு உழைக்கும் கடமையும் அவர்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. அடிமை முறையும் நாட்டில் நிலவியது.

இங்கிலாந்தில் 1795-ஆம் ஆண்டு இலண்டன் மிஷனரிச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் சார்பாக ரிங்கல்தௌபே என்னும் செருமானியர் 1806-இல் இந்நாட்டிற்கு வந்து, மயிலாடியை இருப்பிடமாகக் கொண்டு தொண்டாற்றினார். அவர் 1816-இல் இங்கிருந்து விடைபெற்றார். அவருக்குப் பின் அப்பணியை மேற்கொள்ள வந்தவரே மீட். 1792-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த அவர் 1816-இல் சென்னையை அடைந்தார். நாகர்கோவிலை அடையுமுன்னரே தம் மனைவியை இழந்தார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு, 1818-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் தம் பணியைத் தொடங்கினார்.

அக்காலத்தில் இராணி கௌரி பார்வதி பாய் திருவிதாங்கூரை ஆண்டு வந்தார். ஆங்கிலேயரின் பிரதிநிதியாகிய கர்னல் மன்றோ அரசியலில் செல்வாக்கு மிக்கவராக விளங்கினார். அவருடைய பரிந்துரையின் பேரில் மீட் நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். வேதம் போதிக்க வந்தவர் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்கலானார். அவர் வந்த ஓரிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பேர் கிறித்தவ சபையில் சேர்ந்தனர். உண்மையான நம்பிக்கையால் வந்தோரும் அவர்களுள் இருந்தனர். நீதிபதியின் துணை தமக்குக் கிட்டும் என்று கருதி வந்தோரும் இருந்தனர். சமயத் தொண்டும் அரசுப் பதவியும் ஒருவர் கையில் இணையுமாயின், இவ்விருவகையினரையும் பிரித்தறிதல் அரிது. மேலும், பிற சமயத்தார்க்கு அந்நீதிமன்றத்தின்பால் ஐயம் தோன்றுதலும் இயல்பே. மிஷனரி ஒருவர் இப்பதவியை வகிப்பதைச் சங்கத்தாரும் விரும்பவில்லை. ஆகவே, மீட் ஓராண்டளவில் பதவியைத் துறந்தார்.

பதவியைத் துறந்த பின்னரே அவருடைய நிலைத்த பணிகள் வளர்ந்தன. இராணியார் வழங்கிய 5,000 ரூபாயைக் கொண்டு வயல்கள் வாங்கப்பட்டன. அவற்றின் வருவாய் கல்விப் பணிக்குப் பயன்பட்டது. இந்து சமயத்தைச் சார்ந்த அரசியார், வேற்றுச் சமயத்தாரின் கல்விப் பணிக்கு இவ்வாறு உதவியது போற்றத்தக்கது. 1819-இல் நாகர்கோவிலில் தொடங்கிய செமினரியே பிற்காலத்தில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1820-இல் அச்சுக்கூடம் ஒன்றும் நிறுவப்பட்டது. மீட்டின் இரண்டாம் மனைவியாரும், அவருடன் பணியாற்றிய மால்ட் என்பாரின் மனைவியாரும் பெண்கல்விக்கு அடிகோலினர். எழுத்தறியாதிருந்த குடும்பங்களின் சிறுமியர் படிப்போடு பின்னல் வேலையும் கற்றனர்.

கல்வி பெற்றோர் தம் இழிநிலையை உணர்ந்தனர். மன்றோ திவானாக இருந்த காலத்திலேயே, கிறித்தவர்களாகிய நாடார் குலப் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய இசைவு அளிக்கப்பட்டிருந்தது. ஆயினும், 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் அவ்வாறு அணிந்த பெண்கள் தாக்கப்பட்டனர். மீட் அவர்களுக்காக வாதாடினார். 1823-இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

பூசல் அத்துடன் அடங்கவில்லை. குப்பாயத்தோடு, உயர்குலப் பெண்டிரைப் போலத் தோள்மீது மேலாடையும் அணியப் பலர் முற்பட்டனர். 1827 முதல் 1829 வரை கலகங்கள் மூண்டன. சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. மீட்டின் உயிருக்கும் ஊறு நேரும் என்ற அச்சம் எழுந்தது. அவர் உதயகிரிக் கோட்டையில் தங்க நேர்ந்தது. 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம். தோள்மீது மேலாடை அணிதல் கூடாது.

இவ்வாணையில் ஒரு குறை இருந்தது. ஒரு பெண் மானத்தோடு உடுக்கும் உரிமை, அவள் எச்சமயத்தைச் சார்ந்தவள் என்பதைப் பொறுத்து அமைந்தது. ஒரே குலத்தில், ஒரே தெருவில் வாழ்ந்த இருவருள் ஒருத்திக்குக் கிடைத்த உரிமை மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. சமயத்தின் பெயரால் பெறும் சலுகை, சமுதாயம் முழுவதற்கும் உரிய நீதி ஆகிவிடாது என்பதை இது காட்டுகின்றது. அக்காலத்திலேயே சாமித்தோப்பில் வாழ்ந்த வைகுண்ட சுவாமிகள், மதம் மாறாத எளிய மக்களுக்கும் தன்மதிப்பை ஊட்டினார். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடுமாறு தம் அடியார்க்கு அவர் வகுத்த முறை, குல இறுமாப்புக்கு விடுத்த அறைகூவலாக அமைந்தது.

மீட் தக்கலைக்கு அண்மையிலுள்ள நெய்யூரில் 1828 முதல் தங்கிப் பணியாற்றினார். அங்கே 1838-இல் மருத்துவப் பணியும் தொடங்கியது. பிணியுற்றோர் குல வேறுபாடின்றி அங்கு நாடி வந்தனர்.

ஆயினும், மீட் தம் சங்கத்தாரிடமிருந்தே பிரிய வேண்டிய நிலை பின்னர் ஏற்பட்டது. 1848-இல் இரண்டாம் மனைவியார் மறைந்த பின், அவர் தமிழ்ப் பெண் ஒருவரை மணந்தார். அப்பெண் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றியவர். இதனை ஐரோப்பியர் பலர் வெறுத்தனர். சபையாருள்ளும் பலர் விரும்பவில்லை. கடவுள் முன் மக்கள் அனைவரும் சமம் என்று போதித்த சபையினுள்ளும் குலச் செருக்கும் நிறச் செருக்கும் மறையாதிருந்தன. முதுமை எய்திய மீட், மனைவியைக் கைவிடாது சங்கத்தை விட்டு விலகினார்.

திருவிதாங்கூர் அரசு அவருடைய ஆற்றலைப் பயன்படுத்திக்கொண்டது. 1855-இல் அவர் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு அச்சுக்கூடத்திற்கும் கண்காணிப்பாளர் ஆனார். முன்பு ஒரு சபையின் பிள்ளைகளுக்காக உழைத்தவர், இப்பொழுது எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்காகவும் உழைத்தார். அவ்வாண்டிலேயே திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1858-இல் மேலாடைப் பூசல் மீண்டும் மூண்டது. 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் வெளிவந்த ஆணை, எச்சமயத்தைச் சார்ந்த நாடார் குலப் பெண்களும் மார்பை மூடி ஆடை அணியலாம் என அறிவித்தது. உயர்குலப் பெண்டிரைப் போன்று உடுத்தல் ஆகாது என்னும் தடை மட்டும் எஞ்சி நின்றது. அதுவும் காலப்போக்கில் மறைந்தது.

மீட் 1873-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் காலமானார். நீதிபதியாக அவர் செலுத்திய அதிகாரம் ஓராண்டில் முடிந்தது. அவர் நாட்டிய கல்வியோ தலைமுறை தலைமுறையாகப் பயன் தருகின்றது. எச்சமயத்தாராயினும், தம்மவர்க்கு வேண்டும் உரிமையை அயலார்க்கும் வேண்டுதலே அறமாகும். இவ்வறத்தைக் குமரி நாட்டு மக்கள் பல துன்பங்களுக்கிடையே கற்றனர். அதனை மறவாது போற்றுதல் நம் கடமையாகும்.