மகன் தொடங்கிய வசந்த விழா

ஞாயிறு காலையில் தேக்கா பக்கம் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வசந்தத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்க என்றால், உருகும் பனியையும் கார்ட்டூனில் பார்த்த செர்ரிப் பூவையும் எழுதித் தர்றாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. வருஷம் பூரா ஒரே வெயில், ஒரே மழை என்று இருக்கிற ஊர் நம்ம ஊர். பிள்ளைகளுக்குப் பருவங்களைச் சொல்லிக்கொடுத்தவர் யாராவது உண்டா என்று தேடினப்போ கிடைத்தவர் ரவீந்திரநாத் தாகூர். நோபல் பரிசு, தேசிய கீதம் எல்லாம் நமக்குத் தெரியும். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தோட மல்லுக்கட்டிய வாத்தியார் அவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1861 மே 7-ல் கல்கத்தாவில் பிறந்தவர். வசதியான பெரிய குடும்பம். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். ஏழெட்டு வயதில், வயதில் மூத்த உறவுக்காரப் பையன் ஒருவன் கூப்பிட்டு உட்காரவைத்து, வரிக்குப் பதினாலு அசை வருகிற வங்காளப் பா வகை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தான். கவிதை மந்திரம் இல்லை, கையால் செய்யக்கூடிய ஒன்றுதான் என்று அந்தச் சின்னப் பையனுக்குப் புரிந்துபோச்சு. நீல நிறத் தாள் நோட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். பள்ளி ஆசிரியர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, நீதி சொல்லும் கவிதை ஒன்று எழுதி வரச் சொல்லி, பெரிய வகுப்பில் வாசிக்கவைத்தார். கேட்ட பசங்களில் யாரும் திருந்தவில்லை. எங்கேயோ பார்த்து எழுதினது என்றுதான் பேசிக்கொண்டார்கள்! ஒழுக்கம், சுத்தம், ஒற்றுமை என்றே தலைப்புக் கொடுக்கும் நம்ம போட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

1901 டிசம்பரில் சாந்திநிகேதனில், பழைய குருகுலத்தை மனதில் வைத்து, ஐந்தே மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். பணத்துக்காக மனைவி மிருணாளினி நகைகளைக் கொடுத்தார். மரத்தடியில் வகுப்பு. மாமரம் பூப்பதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை, பூ தலையிலேயே விழும். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்கள்.

பள்ளி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1902 நவம்பர் 23-ல் மிருணாளினி போய்விட்டார். அடுத்த வருஷம் மகள் ரேணுகா. 1905-ல் தந்தை.

கடைக்குட்டி மகன் சமீந்திரநாத், வீட்டில் சமீ, அந்தப் பள்ளியிலேயே வளர்ந்தான். 1907 வசந்த பஞ்சமி அன்று அவனும் கூட்டாளிகளும் பருவங்களாக வேஷம் போட்டு ஒரு விழா நடத்தினார்கள். பெரியவர்கள் போட்ட திட்டம் இல்லை, பிள்ளைகளே செய்தது. அதே வருஷம் விடுமுறைக்கு முங்கேர் போன இடத்தில் சமீக்குக் காலரா. நவம்பர் 23, அம்மா இறந்த அதே தேதி, அவனும் போய்விட்டான். அப்போ பதினொரு வயதுகூட நிரம்பவில்லை.

நானாக இருந்தால் அதோடு பள்ளியை மூடியிருப்பேன். தாகூர் மறு வருஷமே சரத் காலத்துக்கு ஒரு நாடகம் எழுதி மாணவர்களை நடிக்கவைத்தார். பிறகு வசந்தத்துக்காக ‘பால்குனி’. இளைஞர் கூட்டம் ஒன்று கிழவனைப் பிடிக்கக் கிளம்பும். கடைசியில் குகையை விட்டு வெளியே வருவது கிழவன் இல்லை, அவங்களோட தலைவன்தான், இளமையோடு. 1916 ஜனவரியில், பாங்குரா பஞ்ச நிவாரணத்துக்காகக் கல்கத்தாவில் அதை மேடையேற்றியபோது, பார்வையற்ற பாடகனாக வந்தவர் தாகூரேதான். எத்தனையோ பேருடைய பிள்ளைகள் சுற்றி நிற்க, அவர் வசந்தத்தைப் பாடினார்.

இதைப் படித்த பிறகு என் வகுப்பில் பனியை விட்டுவிட்டோம். வீவக புளோக் பக்கம் விடியற்காலையில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிற குயிலை எழுதச் சொல்கிறேன். நகர மன்றத்துக்குப் புகார் போகிற அதே பறவைதான் நம்ம இலக்கியத்தில் இளவேனிலுக்குக் கட்டியம் கூறுவது! வறட்சிக்குப் பின் மழை பெய்ததும், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், சாலையோரம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும் டிரம்பெட் மரமும் இருக்கு. கீதையில் கண்ணன் பருவங்களில் தன்னை வசந்தம் என்று சொல்வதையும் சொன்னேன். அப்படின்னா சிங்கப்பூருக்குக் கண்ணன் வரமாட்டாரா என்று ஒரு வாண்டு கேட்டது. அதையே எழுதச் சொல்லிவிட்டேன்.

தாகூர் வந்திருக்கிறார். 1927 ஜூலையில், 66 வயதில், சிங்கப்பூரில் இறங்கி, மலாயா சுற்றி, ஜாவா, பாலி போனார். பள்ளி அப்போது விஸ்வபாரதியாக வளர்ந்திருந்தது. அதற்கு நிதி திரட்டுவதும் அந்தப் பயணத்தில் ஒரு வேலை. 1941 ஆகஸ்ட் 7-ல் மறைந்தார்.

சமீ தொடங்கிய விழா பின்னால் ஹோலிப் பௌர்ணமிக்கு மாறியது. பெண்கள் மஞ்சள் சேலையில், தலையில் பூ வைத்து ஆடிப் பாடுவார்கள். சில வருஷங்களில், யீஷூன் பாலசுப்பிரமணியர் கோயிலில் நாம பங்குனி உத்திரக் காவடி தூக்குவதும் அதே பௌர்ணமியில்தான் வரும்.